ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? சின்ன மின்சாரக் காரோடு மூன்று வருடம்

பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் டயருக்குக் காற்று பிடிக்கிற தம்பியிலிருந்து கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரை எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஃபுல் சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுதுங்க?" பதில் சொல்லிவிட்டு நான் திருப்பிக் கேட்பேன்: "ராத்திரி உங்க வண்டி எங்கே நிக்கும்?" பலருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படுகிறது. கோயம்புத்தூரில் ஏறக்குறைய மூன்று வருடமாக ஒரு சின்ன மின்சாரக் காரை ஓட்டுகிறேன். வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற முதல் கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் பக்கம் திரும்பிவிடும். ஐந்து கதவு ஹேட்ச்பேக், இருபத்துச் சொச்சம் யூனிட் பேட்டரி, அவ்வளவு போதும். (கிலோவாட் ஹவர் என்று விளம்பரத்தில் போடுவது ஈபி பில்லில் வருகிற அதே யூனிட்தான்.) 2022 செப்டம்பரில் டாடாவின் டியாகோ ஈவி 8.49 லட்சத்துக்கு வந்தது, அடுத்த வருடம் எம்ஜியின் காமெட் வந்தது. நடுத்தரக் குடும்பம் இதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2001இலேயே பெங்களூரில் ரேவா என்ற மின்சாரக் கார் ஓடியது, லண்டனில் ஜீ-விஸ் என்ற பெயரில் விற்றது என்பதெல்லாம் சரி. ஆனால் இரண்டு கதவும் லெட்-ஆசிட் பேட்டரியுமாக இருந்த அதை இங்கே யாரும் வீட்டுக் காராக நினைக்கவில்லை.

எங்கள் வீட்டில் இதை அதிகம் ஓட்டுவது நான். வேலைக்குப் போக, பையனை டியூஷனில் விட, காந்திபுரம், ஆர்.எஸ்.புரம், வாரக் கடைசியில் அம்மா வீட்டுக்கு. வீட்டுக்காரரின் பழைய பெட்ரோல் கார் இன்னும் இருக்கிறது. அதை விற்காததற்குக் காரணம் பின்னால் வரும்.

ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில்தான் சார்ஜ் போட வேண்டும், அதனால் முதலில் சார்ஜ் போடுகிற பாயிண்ட். வண்டியோடு வருகிற போர்ட்டபிள் சார்ஜரை 15 ஆம்ப் பிளக்கில் சொருகினால் போதும் என்று ஷோரூமில் சொல்வார்கள். போதும்தான். ஆனால் அது இரண்டரை, மூன்று கிலோவாட்டை எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். எங்கள் எலக்ட்ரீஷியன் போர்டிகோவில் இருந்த பாயிண்ட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஹீட்டர் பாயிண்ட்டுங்கக்கா, கார் பாயிண்ட் இல்லீங்க. ஹீட்டரை கால் மணி நேரத்துல ஆஃப் பண்ணிருவீங்க. இது விடிய விடிய ஓடும். சாக்கெட் இளகிரும்." மீட்டர் பாக்ஸிலிருந்தே தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். வயர் இழுத்து, தனி எம்சிபி, ஆர்சிசிபி (மின்சாரம் மிகுந்தாலோ கசிந்தாலோ தானே அணைகிற சுவிட்சுகள்) போட்டு, பிளாஸ்டிக்குக்குப் பதில் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் வைத்தார். ஆன செலவு, வண்டியில் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் என்று விற்கிற சீட் கவர், மேட் செலவைவிடக் கம்மி. ஒரு தடவைகூடச் சூடானதில்லை.

அடுத்தது எர்த். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் கண்டுகொள்ளாத குறையை இது விடாது. அதுவும் நல்லதற்குத்தான். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து எர்த் குழியின் தடை ஏறியதும் எங்கள் சார்ஜர் மறுத்தது. குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் பச்சை விளக்கு எரிந்தது. கார் ஓடுவதற்காக மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று மாமியார் இன்றைக்கும் சிரிக்கிறார். இப்போது குழியைப் புதிதாகப் போட்டாகிவிட்டது. கோடையில் மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிற நம்ம ஊர் ஸ்லாபைக் கணக்கில் எடுப்பதில்லை. சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்தால், மீட்டரில் ஓடுகிற ஒரு யூனிட்டுக்கு எனக்கு ஏழு கிலோமீட்டர் கிடைக்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத ரீடிங்கில் 285 யூனிட் கூடும். வீட்டுச் செலவு ஏற்கனவே 350 யூனிட் என்றால் மொத்தம் 635. 2024 ஜூலைக் கட்டணப்படி 350 யூனிட்டுக்கு 940 ரூபாய், 635 யூனிட்டுக்கு 3,210 ரூபாய். ஆக, 2,000 கிலோமீட்டருக்கு மின்சாரச் செலவு 2,270 ரூபாய் அளவில். டவுனுக்குள் லிட்டருக்கு 15 கொடுக்கிற பெட்ரோல் காரில் அதே தூரத்துக்கு 13,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும்.

இந்த 2024 கட்டணத்தில் கவனிக்க வேண்டியது 500 யூனிட் கோடு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை 2.35 ரூபாய் என்ற சலுகையும் போய், அந்த நூறும் 4.70 ஆகிவிடும். 500க்கு 1,805 ரூபாய் வருகிற இடத்தில் 510க்கு 2,124. ஏற்கனவே ஏசியிலேயே 700, 800 யூனிட் ஓட்டுகிற வீட்டில் கார் சாப்பிடுகிற ஒவ்வொரு யூனிட்டும் 9.45, 10.50 என்று உச்சியில் போய் உட்காரும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான், ஒரு ரூபாய்க் கணக்கு மட்டும் பொய்த்துவிடும். மாடியில் சோலார் போட்டவர்களுக்கு இது வேறு கணக்கு. அந்த வீடுகளில் பகலில் வண்டி நின்றால் யோகம்.

அப்புறம் எல்லோரும் கேட்கிற தூரம். சோதனைச் சான்றிதழில் முந்நூறை ஒட்டிப் போட்டிருந்தது. ஊருக்குள் ஏசியோடு எனக்கு 200 கிடைக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் கூடும். சேலம் ரோட்டில் 100 வேகத்தில் போனால் 160க்கே சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும், 80இல் போனால் நிம்மதி. ஊருக்குள் காற்றின் எதிர்ப்பைவிட ஏசிதான் தின்னும். அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் ஏசிக்கு மட்டும் ஒரு யூனிட் போகும். பெரிய பேட்டரியில் அது தெரியாது, சின்னதில் நான்கு சதவீதம் கண்முன் இறங்கும். முதல் சில மாதங்களுக்கு இந்தச் சதவீதத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலிக்கும். பிறகு பழகிவிடும்.

சதவீதம் பற்றி ஒரு விஷயம். சின்ன வண்டிகள் பலவற்றில் எல்எஃப்பி என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிதான். நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் இதன் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால் மிச்சம் எவ்வளவு என்று வண்டியால் சரியாக எடைபோட முடிவதில்லை. தினமும் 40இலிருந்து 80 வரை மட்டும் ஏற்றி ஓட்டினால் கணக்கு மெல்லப் பிசகி, ஒரு நாள் 18 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 10 என்று விழும். அவ்வப்போது மெதுவான சார்ஜில் 100 வரை விட்டு, அதற்கு மேலும் கொஞ்ச நேரம் சொருகியே வைத்தால் செல்கள் சமமாகி எண் நேராகிவிடும். போனுக்குச் சொல்கிற '80க்கு மேல் ஏற்றாதே' இதற்கு அப்படியே பொருந்தாது.

ஊட்டிக்குப் போனது தனிக் கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு ஒன்றரை டன் எடையை அவ்வளவு உயரம் தூக்கவே ஏழரை யூனிட்டுக்கு மேல் வேண்டும், ஓடுகிற செலவு அதற்கு மேல். கோவையில் நிறைத்துக்கொண்டு கிளம்பினால் ஊட்டியில் கால்வாசிதான் மிஞ்சும். ஆனால் ஏறும்போது அலுப்பே தெரியாது. பழைய காரில் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறிய வளைவுகளில் இது சத்தமில்லாமல் ஏறும், பின்சீட்டில் அம்மா தூங்கியே விட்டார்.

இறங்குவதில்தான் புத்தி வேண்டும். ரீஜெனை, அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் செய்து பேட்டரிக்குத் திருப்புகிற வசதியை, அதிகமாக வைத்தால் பிரேக்கைத் தொடாமலே பாதி மலை இறங்கலாம், மேட்டுப்பாளையம் சேரும்போது ஊட்டியில் இருந்ததைவிடச் சில சதவீதம் கூடுதலாகவே இருக்கும். அதே ஊட்டியில் லாட்ஜ் பிளக்கில் ராத்திரி முழுக்கப் போட்டு 100 ஆக்கிக்கொண்டு கிளம்பினால் விஷயம் தலைகீழ். நிறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் போக இடமில்லை, ரீஜென் வேலை செய்யாது. கியரும் கிடையாது, எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் கிடையாது. மொத்தப் பாரமும் பிரேக் பேடின் தலையில் விழும். மலையில் தங்கினால் 70, 80 போதும். கீழே வரும் வழியில் மிச்சம் தானாக ஏறும்.

வெளியூர் சார்ஜிங் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆசைதான். நெடுஞ்சாலையில் இப்போது ஹோட்டலுக்கு ஹோட்டல் சார்ஜர் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் கொஞ்சம் பணம் போட்டு வைக்க வேண்டும். ஆப்பில் 'காலி' என்று காட்டும், போய்ப் பார்த்தால் திரை கறுப்பாக இருக்கும். அல்லது நிழலுக்காக ஒரு பெட்ரோல் கார் அங்கே நிற்கும், டிரைவர் உள்ளே நெய் ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் சரியாக இருந்தாலும் சின்ன வண்டிக்கென்று ஓர் எல்லை உண்டு. 60 கிலோவாட் மெஷினில் சொருகினாலும் என் வண்டி இருபத்துச் சொச்சத்துக்கு மேல் இழுக்காது. 10இலிருந்து 80க்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 110, 120 கிலோமீட்டர். யூனிட் விலையும் வீட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சென்னைக்கு இதில் போகலாமா என்றால் போகலாம், ஆனால் வீட்டுக்காரரின் பழைய கார் இருக்கும்போது நான் ஏன் போக வேண்டும்? அதை விற்காததற்குக் காரணம் இதுதான்.

பராமரிப்பில் எழுத அதிகமில்லை. ஆயில், ஃபில்டர், கிளட்ச், டைமிங் பெல்ட் எதுவும் கிடையாது. பிரேக் பேட் இன்னும் பாதி தேயவில்லை. டயர்தான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தது. வண்டியின் எடையும், மிதித்ததும் எகிறுகிற குணமும் காரணம். ஸ்டெப்னி இல்லை, பஞ்சர் கிட்தான். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தக் கிட் எதற்கும் ஆகாது. இன்னொன்று, பெரிய பேட்டரி முழுதாக இருந்தும் வண்டி ஒரு நாள் காலை அசையவில்லை. பானட்டுக்குள் இருக்கிற சாதாரண 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தது. கதவு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கிற ரிலே எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. தெருமுனை பேட்டரிக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அவருக்கே ஆச்சரியம், "இதுக்கும் நம்ம பேட்டரிதானுங்களா" என்று.

சத்தமில்லாமல் போவதற்கும் பழக வேண்டும். தெருநாய்கள் எழுந்திருக்காது, போனில் பேசிக்கொண்டு நடப்பவர்கள் திரும்ப மாட்டார்கள். மழையில் லங்கா கார்னர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், மின்சாரக் கார்தானே, ஐபி67தானே என்று இறங்காதீர்கள். அது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் பேட்டரிப் பெட்டியை வைத்துப் பார்க்கிற சோதனை. ஓடுகிற காரை வெள்ளத்தில் விடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

சுற்றுச்சூழலுக்காக வாங்கினாயா என்று கேட்டால், அதற்காக மட்டும் இல்லை. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. என் கணக்கில் கிலோமீட்டருக்கு 100 கிராம். பெட்ரோல் காரில் புகைக்குழாயில் மட்டும் 150 கிராம். மூன்றில் ஒரு பங்கு மிச்சம், பூஜ்யம் இல்லை. உடுமலை, பல்லடம் பக்கம் ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றும்போது மனசுக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதி.

இன்றைக்கு வாங்குபவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறிவிட்டது. மின்சாரக் காருக்கு 2019இலிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சின்னப் பெட்ரோல் காருக்கு 28 ஆக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. விலை வித்தியாசம் கூடியிருக்கிறது, அதை ஈடுகட்ட இன்னும் அதிகம் ஓட்ட வேண்டும். மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்குக் கட்டுப்படியாகாது. மறுவிற்பனையும் சொல்லும்படி இல்லை. ஒரு பழைய கார் வியாபாரி என் வண்டியைச் சுற்றிக்கூட வராமல் விலை சொன்னார், போட்டதில் பாதிக்கும் கீழே. பேட்டரிக்கு எட்டு வருடம், 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்று காகிதத்தைக் காட்டினேன். "அது உங்களுக்குங்க, எனக்கு வாங்கற ஆள் வேணுமே" என்றார். வைத்து ஓட்டுகிறவருக்குத்தான் இந்த வண்டி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்கு இல்லை.

என் தம்பி சென்னையில், மேடவாக்கத்தில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறான். என் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு இதேதான் வேண்டும் என்று நின்றான். அவன் பார்க்கிங் இரண்டாவது பேஸ்மென்ட்டில், மீட்டர் தரைத்தளத்தின் அந்தக் கோடியில். அவ்வளவு தூரம் வயர் இழுக்கச் சங்கத்தில் அனுமதி கேட்டான். தீப்பிடித்தால் யார் பொறுப்பு, காமன் மீட்டரில் கலந்துவிடாதா என்று இரண்டு கூட்டம் பேசினார்கள். மூன்றாவது கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். "அக்கா, ஆபீஸ் பக்கத்துல ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு, வாரம் ரெண்டு தடவை அங்க போட்டுக்கறேனே" என்றான். வேண்டாம்டா என்றேன். வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் அங்கே காத்துக் கிடந்து, இரண்டு மடங்கு விலையும் கொடுத்தால் இந்த வண்டியின் சுகம் எதுவும் அவனுக்குக் கிடைக்காது. பெட்ரோல் காருக்கே முன்பணம் கட்டியிருக்கிறான்.