அம்மாவின் கண் மாத்திரை: வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் மருந்துக்கடைகளில் கண்ணுக்கென்று விற்கும் டப்பாக்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றின் முகப்பிலும் பெரிதாக ஒரு கண். நான் அம்மாவுக்கு வாங்குவது 'அரெட்ஸ் 2' என்று ஒரு கண் ஆய்வின் பெயரைப் போட்ட பச்சை டப்பா. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன்.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலத்தை ஓட்டியவர். இடது கண்ணில் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) பழுது முற்றிப்போய் ஈப்போ ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்கிறார். வலது கண் இன்னும் நடுக்கட்டத்தில் நிற்கிறது. இந்த மாத்திரை அந்த வலது கண்ணுக்காக. டாக்டர் மாத்திரையின் பெயரை எழுதித் தரவில்லை, அளவுகளை எழுதித் தந்தார்: வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், பிறகு மில்லிகிராம் கணக்கில் துத்தநாகம் 80, செம்பு 2, கீரையில் இருக்கும் மஞ்சள் நிறமிகளான லூட்டின் 10, ஸியாஸாந்தின் 2. இதெல்லாம் ஒரு நாள் கணக்கு. இந்த டப்பாவில் தினம் இரண்டு மாத்திரை போட்டால்தான் அது வரும். மலிவாகத் தெரியும் சில டப்பாக்களில் லூட்டினை மட்டும் கொஞ்சம் தூவிவிட்டு 'கண் ஆரோக்கியம்' என்று போட்டிருப்பார்கள்.

கவுண்டரில் நின்ற பெண், "அங்கிள், இது விலை கம்மி, ரெண்டும் ஒண்ணுதான்" என்று வேறொன்றை நீட்டினாள். திருப்பிப் பார்த்தேன். பீட்டா கரோட்டின், அதாவது கேரட்டில் இருக்கும் நிறமி, 15 மில்லிகிராம்.

"ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. எங்கம்மா சுருட்டு பிடிச்சவங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்ட லயத்துக் கிழவிகள் சுருட்டு பிடித்ததை அவள் எங்கே பார்த்திருக்கப் போகிறாள்! ஆனால் இது சிரிப்பு விஷயம் இல்லை. பீட்டா கரோட்டின் உள்ளது பழைய கலவை. அமெரிக்காவின் தேசியக் கண் நிலையம் அதை வைத்து நடத்திய முதல் ஆய்வின் முடிவு 2001இல் வந்தது. நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கும், ஒரு கண் முற்றியவர்களுக்கும், நோய் முற்றும் வாய்ப்பு ஐந்து ஆண்டுகளில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்திருந்ததால், அதற்குப் பதில் லூட்டினும் ஸியாஸாந்தினும் போட்டால் என்ன என்று இரண்டாவது ஆய்வு, அதாவது அரெட்ஸ் 2, நடந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2013இல் வந்த முடிவில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகம் தெரிந்தது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பு புகைத்து, விட்டவர்கள். அம்மாவும் விட்டுப் பல வருஷம் ஆகிறது. அதனால் விலையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வாங்கியதிலிருந்து அம்மா கேட்பது ஒன்றுதான்: "எப்படா தெளிவாத் தெரியும்?" தெரியாது. போன பார்வையை இது திருப்பித் தராது, இருப்பதைக் கரைய விடாமல் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும், நோயே இல்லாமல் 'முன்ஜாக்கிரதையாக' விழுங்குபவர்களுக்கும் இதனால் பலன் உண்டென்று அந்த ஆய்வுகள் காட்டவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னேன், கேட்கவில்லை. அவர் பணம்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது டப்பாவுக்காக. கண் மங்கியவர்களுக்கு விற்கும் பொருளில் வெளிர்பச்சை மேல் வெள்ளி நிறத்தில் பொடி எழுத்து! எனக்கே கண்ணாடி வேண்டியிருந்தது. மூடியை அழுத்தித் திருக வேண்டும், வாதம் பிடித்த விரலுக்கு அது நடக்காது. மாத்திரையும் பெரிசு. வெறும் வயிற்றில் போட்டால் துத்தநாகம் குமட்டும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கொடுங்கள். செம்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இவ்வளவு துத்தநாகம் போனால் உடம்பில் செம்பு குறைந்து ரத்தசோகை வரலாம், அதைத் தடுக்கத்தான்.

மீன் எண்ணெயோடு சேர்த்து 'காம்போ' என்று தள்ளப் பார்ப்பார்கள். ஒமேகா 3 சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை என்று அதே 2013 முடிவு சொன்னது. அந்தக் காசுக்குக் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் வாங்கிப் புளிக்குழம்பு வைத்தால் ருசியாவது மிஞ்சும்.

லேபிளில் 'மால்' எனும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் சரக்கு எப்போதும் இருக்காது. டப்பா பாதியாகும்போதே சொல்லி வைத்துவிடுங்கள். பெருநாள் சமயத்தில் தீர்ந்தால் ஈப்போவுக்குத்தான் ஓட வேண்டும்.