மணவாளக்குறிச்சி டு மும்பை: மணியைச் சுமந்த பையைப் பற்றி

விமானத்தில் நாயைக் கூட்டிப்போக எந்தப் பை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். நாய் எத்தனை கிலோ? பை எத்தனை கிலோ? முதல் கேள்விக்கு எல்லாரும் டக்கென்று பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதுக்கு முழிப்பார்கள். விற்பவர்களும் அதைப் பெரும்பாலும் போடுவதில்லை. நீளம், அகலம், எத்தனை பாக்கெட், தண்ணீர் பாட்டில் வைக்க இடம் உண்டா என்பதெல்லாம் இருக்கும், வெறும் பையின் எடை மட்டும் இருக்காது.

எங்கள் மணி, பொமரேனியன் என்று சொல்லி நம் ஊரில் விற்கும் இந்தியன் ஸ்பிட்ஸ். 5.4 கிலோ. மகள் மும்பையில் இருக்கிறாள், பேரன் பிறந்த பிறகு வருஷத்தில் பாதி நாள் அங்கேதான் என்று ஆகிவிட்டது. நாகர்கோவில் மும்பை எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள், அதுவும் ஏசி முதல் வகுப்பில் தனி கூபே கிடைக்காவிட்டால் கார்டு இருக்கும் பிரேக் வேனில் கூண்டுக்குள் போட வேண்டும் என்றார்கள், அது நடக்காத காரியம் என்று திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் கூட்டிப்போக ஆரம்பித்தோம். அப்போதிலிருந்து ஒரே பைதான். அது எப்படி உழைத்தது, எங்கே காலை வாரியது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் விமான நிறுவனம். எல்லாரும் நாயை ஏற்றுவதில்லை. இண்டிகோவில் வழிகாட்டி நாய் மாதிரி உதவி நாய்களைத் தவிர மற்ற நாய்களுக்கு இடமில்லை. ஏர் இந்தியாவில் நம்மோடு கேபினுக்குள்ளேயே கொண்டுபோகலாம். ஆகாசா 2022 நவம்பரில் செல்லப்பிராணிகளை ஏற்ற ஆரம்பித்தபோது கேபினுக்குப் பையோடு சேர்த்து 7 கிலோ என்றுதான் வைத்தார்கள். இந்த அளவுகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் டிக்கெட் போடும் அன்றைக்கே போன் பண்ணிக் கேட்டு, நாய்க்கும் அனுமதி வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் பை வாங்குங்கள். ஒரு விமானத்தில் ஏற்றும் நாய் பூனைகளுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. நம் டிக்கெட் உறுதியாகி நாய்க்கு இடமில்லை என்றால் கதை கந்தல்.

நாங்கள் போனபோதும் 7 கிலோதான் கணக்கு. மணி 5.4 என்றால் பைக்கு மிச்சம் 1.6. இதில் அடியில் விரிக்கும் விரிப்பு, கழுத்துப் பட்டை, கயிறு எல்லாம் அடக்கம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிச் சரக்கு தானாகக் கழிந்துவிடும். சக்கரம் வைத்த பை பார்க்க ஜோராக இருந்தது, கையில் தூக்கிய உடனே தெரிந்துவிட்டது ஆகாது என்று. முதுகில் மாட்டும் பை, முன்னால் கண்ணாடிக் கிண்ணம் மாதிரி பிளாஸ்டிக் வைத்து நாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்குமே, அதை மருமகன் ஆசைப்பட்டு அனுப்பியிருந்தார். தெரு முக்கிலிருக்கும் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்த் தராசில் வைத்தால் 1.9 கிலோ. "நாயைப் போடாமலேயே இவ்வளவா?" என்றார் அண்ணாச்சி. எடையை விடுங்கள், அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் நம் ஊர்ச் சித்திரை வெயில் அடித்தால் உள்ளே இருப்பது அவியும். குளிர்நாட்டுக்காரன் பூனைக்குச் செய்தது அது.

கடைசியில் வாங்கியது சாதாரணத் துணிப் பை, மூன்று பக்கமும் மேலேயும் வலை, விரிப்போடு சேர்த்து 1.5 கிலோ. 45 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம், 28 உயரம். மணியோடு சேர்த்து 6.9. புறப்படும் அன்று காலை மணிக்கு வழக்கமான சாப்பாடு கிடையாது என்பதில் எடைக் கணக்கும் கொஞ்சம் உண்டு, வாந்தி வராமல் இருக்க என்று வெளியே சொல்லிக்கொள்வோம்.

பையில் 'ஏர்லைன் அப்ரூவ்ட்' என்று பெரிதாகத் தைத்திருந்தார்கள். அந்தச் சீட்டுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. எந்த நிறுவனத்தின் எந்த விமானத்துக்கு என்று அதில் இருக்காது, கவுண்டரில் இருப்பவர் அதைப் படிக்கவும் மாட்டார், அளவையும் எடையையும்தான் பார்ப்பார்.

அளவு விஷயத்தில் இணையத்தில் ஒரு குழப்பம் ஓடுகிறது. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை அளந்து, அதோடு முன்னங்கால் உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம், தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு கூண்டின் அகலம், நாய் நிற்கும்போது தரையிலிருந்து காது நுனி வரை கூண்டின் உயரம். இது சரக்குப் பகுதியில் போகும் கெட்டிக் கூண்டுக்கான கணக்கு. இதை வைத்துக்கொண்டு கேபின் பை தேடினால் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் மணிக்குக் காது நுனி வரை 32 சென்டிமீட்டர் வருகிறது, அந்த உயரத்துக்கு ஒரு பை எடுத்தால் முன் இருக்கைக்குக் கீழே போகாது. கேபினில் நாய் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்க முடியுமா, ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்க முடியுமா, இதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் பைக்குள் விட்டு ஜிப்பைப் பூட்டி, பிஸ்கட்டைப் பின்பக்க வலையில் காட்டுங்கள். திரும்பி வந்து முகர்ந்தால் பை போதும். திரும்ப முடியாமல் முனகினால் அடுத்த சைஸ்.

வலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். பை இருக்கைக்குக் கீழே போனதும் மேல்பக்கம் மூடிப்போகும், நீளப் பக்கங்களில் இருக்கையின் கால்களோ பக்கத்துக்காரர் பையோ வந்து அடைக்கும். நம் காலுக்கு நேராக இருக்கும் அந்தச் சின்னப் பக்கம்தான் நாய்க்கு மூச்சு, வெளிச்சம், நம் விரல், எல்லாம். அந்தப் பக்கம் வெறும் துணியாக இருந்தால் அந்தப் பையை வாங்கவே வாங்காதீர்கள். எங்கள் பையில் அங்கே கை நுழைகிற அளவுக்கு ஒரு குட்டி ஜிப் இருக்கிறது, விமானம் மேலே ஏறும்போது இரண்டு விரலை உள்ளே விட்டு வைத்திருந்தால் மணி அதை நக்கிக்கொண்டே கிடப்பான்.

மேலே திறக்கும் வாசல் கட்டாயம் வேண்டும். இது பாதுகாப்புச் சோதனையில்தான் புரியும். பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போகும், நாய் போகக்கூடாது, நாயை வெளியே எடுத்துக் கையில் தூக்கிக்கொண்டு நாம் மெட்டல் டிடெக்டர் வாசல் வழியாக நடக்க வேண்டும். பக்கவாட்டு வாசல் மட்டும் உள்ள பையென்றால், பின்னால் வரிசை நிற்க, ட்ரேக்கள் ஓட, பயந்து மூலையில் ஒடுங்கிய நாயை முன்னங்காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். மேல்வாசல் என்றால் இரண்டு கையையும் விட்டு அலாக்காகத் தூக்கிவிடலாம். திரும்ப உள்ளே போடுவதுதான் கூத்து. நாலு காலையும் விறைத்துக்கொண்டு பையின் விளிம்பில் ஊன்றி நிற்பான். சீருடையில் இருந்த ஒரு தம்பி சிரித்துவிட்டு, "பின்காலை முதல்ல விடுங்க அம்மா" என்று சொல்லிக்கொடுத்தார். வால் பக்கமாக இறக்கினால் சரசரவென்று போய்விடுகிறான். கழுத்துப் பட்டையை விட மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ்தான் இந்த இடத்தில் நல்லது, உலோகம் குறைவாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கவுண்டரில் ஒரு முறை, நிறுவனம் எது என்று வேண்டாம், உயரம் அதிகம் என்று பையை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் மாறி மாறி வந்து பார்த்தார்கள். துணிப் பையாக இருந்ததால் மேல்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக் காட்டினேன், இரண்டு விரற்கடை இறங்கியது, சரி போங்கள் என்று விட்டார்கள். கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதற்காக அப்படியே தொளதொளவென்று இருக்கும் பையும் ஆகாது. மேல் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி ஓட வேண்டும், இல்லாவிட்டால் கூரை நாயின் முதுகில் வந்து படுத்துவிடும்.

எங்களுக்கு விமானப் பயணத்தை விடப் பெரிய பயணம் அதற்கு முன்னால், திருவனந்தபுரத்துக்குக் காரில் போவதுதான். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, அப்புறம் பாலராமபுரத்து நெரிசல். மும்பைக்கு விமானம் இரண்டு மணி நேரம், சில நாள் காரில் அதைவிடக் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறோம். அதனால் பையில் சீட் பெல்ட் நுழைக்கிற பட்டை இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் பை சரிந்தால் நாய் விமானம் ஏறும் முன்னாலேயே வாந்தி எடுத்து முடித்திருக்கும். திருவனந்தபுரத்தில் இரண்டு டெர்மினலும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கம், ஒன்று சங்குமுகம் கடற்கரைப் பக்கம், மற்றது சாக்கைப் பக்கம். டிக்கெட்டில் எது என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நாயோடு ஊரைச் சுற்றி வருவது வீண் பாடு.

இனி பை எப்படித் தாங்கியது என்பது. முதலில் போனது அடிப்பலகை. அது பலகையே இல்லை, துணி சுற்றிய அட்டை. மணி ஒரு முறை நனைத்தான், அட்டை ஊறி நடுவில் வளைந்து தொட்டில் மாதிரி ஆகிவிட்டது. பல பைகளில் இந்த அட்டைதான் இருக்கிறது, வாங்கும்போதே ஓரத்தைத் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். நான் ஃபிளக்ஸ் அடிக்கும் கடையில் கட்சிக்காரர்கள் போர்டுக்கு வாங்கும் சன்பேக் பிளாஸ்டிக் ஷீட்டில் மிச்சத் துண்டு ஒன்று வாங்கி, இரண்டு அடுக்காக வெட்டி, டேப் சுற்றிப் போட்டேன். எடை கிட்டத்தட்ட இல்லை, நனைந்தால் துடைத்துவிடலாம், வளையவில்லை. அதன் மேல் நாய்க்கென்று விற்கும் விலை கூடிய விரிப்பெல்லாம் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு வாங்குவோமே அண்டர்பேட், அதில் ஒன்றைப் பாதியாக மடித்து விரித்தால் போதும்.

அடுத்தது ஜிப். எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கம். கதவுக் கொண்டியே இரண்டு வருஷம் தாங்காத காற்று, ஜிப் எந்த மூலைக்கு? ஓட்டும் உலோகத் துண்டில் வெள்ளையாகப் பொடி பூத்து, அப்புறம் பாதி வழியில் நின்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. மெழுகுவத்தியைத் தேய்த்துக் கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு நாகர்கோவில் வடசேரியில் பை தைப்பவரிடம் கொடுத்துப் பல்லெல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கும் ஜிப்பாக மாற்றிவிட்டேன், இன்று வரை தொந்தரவு இல்லை. இரண்டு ஜிப் தலைகளையும் சாவிக்கொத்து வளையத்தால் சேர்த்து மாட்டிவிடுவது வழக்கம், ஏனென்றால் மூக்கால் நெம்பித் திறக்கும் வித்தையை மணி வீட்டிலேயே படித்து வைத்திருக்கிறான்.

மூன்றாவது பூஞ்சை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஆடியிலும் நனையும் ஐப்பசியிலும் நனையும். பையை மடித்து அலமாரியில் வைத்தால் கறுப்புப் புள்ளி வைத்துவிடும், அந்த வாடை அடித்தால் நாய் உள்ளே காலே வைக்காது. இப்போது மடிப்பதே இல்லை. திறந்தபடி ஹாலில் சோபா பக்கத்தில் கிடக்கிறது, மணி மத்தியானம் அதில்தான் தூங்குகிறான். பூஞ்சைக்காக ஆரம்பித்தது, பயணத்தன்று "உள்ளே போ" என்றால் தானே போய்ப் படுக்கிறான், கெஞ்ச வேண்டியதில்லை.

தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் கால்நடை டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் மலை உயரத்தில் இருப்பது போல் வரைக்கும் குறையும், ஊட்டியே 2,240 மீட்டர்தான். அந்த நிலையில் மயக்க மருந்து மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் இன்னும் கீழே இழுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். மருந்துக்குப் பதில் என் பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்றைப் பைக்குள் போடுகிறேன். ரேபிஸ் ஊசிப் புத்தகத்தையும், பயணத்துக்குத் தகுதி என்று டாக்டர் கொடுக்கும் சான்றையும் பையின் பக்கப் பாக்கெட்டிலேயே வைத்துவிடுவேன், ஆளாளுக்குக் கேட்பார்கள். சான்று எத்தனை நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பக், ஷிட்ஸூ மாதிரி மூக்குச் சப்பையான நாய் வைத்திருப்பவர்கள் என் அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். அவற்றுக்கு மூச்சு விடுவதே பாடு, சூடு தாங்காது, சில நிறுவனங்கள் ஏற்றவே யோசிக்கும். சரக்குக் கூண்டுக்கே அந்த இனங்களுக்குப் பத்து சதவீதம் பெரிதாக வேண்டும் என்கிறது ஐயாட்டா. முதலில் டாக்டர், அப்புறம் நிறுவனம், பை எல்லாம் கடைசியில்.

இதே பையை இன்னொரு முறை வாங்குவேனா என்றால், இதே வடிவம், வேறு ஜிப், அட்டை இல்லாத அடி. எடை மட்டும் 1.2 கிலோவுக்குள் வேண்டும், ஏனென்றால் மணி போன வாரம் அண்ணாச்சி தராசில் 5.7 காட்டினான். பேரன் ஊட்டிவிடும் பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன், கேட்பாள் என்று தோன்றவில்லை.