90 நாளில் நடை என்றார்கள்: 45,000 ரூபாயும் போய், அப்பாவின் தோளும் இறங்கியது

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் டிஸ்சார்ஜ் ஃபைலுக்குள் யாராவது விசிட்டிங் கார்டைச் செருகினால், அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். நாங்கள் கட்டினோம்.

போன ஆடியில் அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. விடிகாலையில் வாய் லேசாகக் கோணியபோதே கிளம்பியிருக்க வேண்டும். "செத்த படுத்தா சரியாப் போகும்" என்று அம்மா படுக்க வைத்துவிட்டார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மதுரைக்குப் போய்ச் சேரும்போது அது தாண்டியிருந்தது. அது எங்கள் தப்பு, யாரையும் நோக முடியாது.

டிஸ்சார்ஜ் அன்று வார்டு வாசலில் ஒருவர் கார்டு கொடுத்தார். வீட்டுக்கே வந்து பிசியோ, மூன்று மாத பேக்கேஜ், '90 நாளில் நடை'. அவர்கள் சென்டருக்கு அப்பாவை வீல்சேரில் கொண்டு போனோம். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா நிஜமாகவே நன்றாகப் பார்த்தார். உட்கார வைத்தார், காலைத் தட்டினார், எல்லாம் எழுதிக்கொண்டார். அவரை நம்பித்தான் 45,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தது இருபத்தொரு வயதுப் பையன், கையில் ஒரு கரண்ட் மெஷின். முன்கையில் பட்டையை ஒட்டி ஸ்விட்சைப் போட்டதும் அப்பாவின் விரல்கள் துள்ளின. "கை அசையுதுடா!" என்று அம்மா அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. அசைத்தது மெஷின், அப்பா இல்லை என்று அப்போது உறைக்கவில்லை. ஸ்விட்சை அணைத்தால் கை மறுபடி மரக்கட்டை. (கரண்ட் சிகிச்சையே பொய் என்று சொல்லவில்லை. தெரிந்தவர் கையில் அதற்கும் வேலை உண்டு.)

கெடுத்தது கயிறுதான். நிலைப்படி மேலே கப்பி மாட்டி, நல்ல கையால் இழுத்து விழுந்த கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னான் பையன். தினமும் ஐம்பது தடவை. அப்பா வலிக்கிறது என்று முனகினால், "வலிச்சாத்தான் சார் சரியாகும்" என்பான். நாங்களும் சேர்ந்து "இன்னும் பத்துப்பா" என்றோம். அதை நினைத்தால்தான் இன்றும் தூக்கம் வருவதில்லை. ஏழாவது வாரம் ராத்திரியெல்லாம் தோள் வலி. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் படுக்க முடியவில்லை.

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா மாதாமாதம் வருவார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். அதிலேயே வீட்டுக்கு வந்து இலவசமாக பிசியோ செய்கிறார்கள் என்பது அந்த அக்கா அப்பாவைப் பார்த்துச் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. அவர் சொல்லி வந்த பிசியோதெரபிஸ்ட் அப்பாவின் தோளெலும்புக்குக் கீழே விரலை வைத்தார். விரல் உள்ளே இறங்கியது. "மொதல்ல அந்தக் கயித்தக் கழட்டுங்க" என்றார்.

தோள் மூட்டை இடத்தில் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு தசைக்குத்தான். அது தளர்ந்து கிடக்கும்போது கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கும். அந்த நிலையில் கையைத் தலைக்கு மேலே வலிய இழுத்தால் உள்ளே நசுங்கும். உட்கார்ந்தால் கைக்கு அடியில் தலையணை வேண்டும், தொங்க விடக்கூடாது. எழுப்பும்போது கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்காமல் இடுப்பைப் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான், காசு செலவில்லாத சங்கதி.

பிறகு அவர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தன தடவ சேர்ல இருந்து எந்திரிக்கப் பழகுறாரு?" ஒரு தடவைகூட இல்லை. நடை என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள் ஏழு வாரத்தில் அப்பாவை நிற்க வைக்கவே இல்லை. உடம்பு வேகமாகத் தேறுகிற முதல் மூன்று மாதத்தில் ஏழு வாரம் அப்படிப் போனது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறதாம். பையனுக்கு போன் போட்டேன். "ஆறு மாசம் கோர்ஸ் படிச்சேண்ணே. படிப்பப் பத்திக் கேட்டா பேச்ச மாத்தச் சொன்னாங்க. எனக்கே ரெண்டு மாச சம்பளம் பாக்கி" என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வாய்தா ஆகிவிட்டது.

நீங்கள் யாரையாவது வைப்பதாக இருந்தால், வீட்டுக்கு வரப்போகிற ஆளின் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) சான்றிதழைக் கேளுங்கள், சென்டரில் உட்கார்ந்திருப்பவருடையதை அல்ல. அது நாலு வருடத்துக்கும் மேலான படிப்பு. அன்றன்றைக்கு வந்த கூலியை அன்றன்றைக்குக் கொடுங்கள். எத்தனை நாளில் நடப்பார் என்று தேதி குறிப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்பா இப்போது குச்சி ஊன்றி டீக்கடை வரை போகிறார். கை வரவில்லை. இதே மாதிரி ரசீது உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த வாய்தாவுக்கு வேண்டும்.