குகைச் சுற்றுலா என்று முற்பணம் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள்

லீவுக்கு யாழ்ப்பாணம் வரப்போகிறவர்கள், முக்கியமாக வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்கள், இதை ஒருக்கால் வாசித்துவிட்டுக் காசு கட்டுங்கள். பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது: யாழ்ப்பாணத்து மர்மக் குகை, குடும்பத்தோடு ஒரு நாள் சாகசம். தலைக்கு 4,500 ரூபாய், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. ஏசி வான், ஹெல்மெட், தலையில் கட்டும் லைட், அனுபவமுள்ள வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கமாம். கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வந்து நின்றதால் பெரியவர்கள் ஐந்து, பிள்ளைகள் மூன்று என்று 29,250 ரூபாய். பாதியை வங்கியில் போட்டால்தான் இடம் உறுதி என்றார்கள், போட்டோம்.

காலை எட்டு மணிக்கு வரவேண்டிய வான் பத்தரைக்கு வந்தது. ஏசி? "போட்டா டீசல் கூடப் போகும் அண்ணை, யன்னலைத் திறந்து விடுங்கோ" என்றார் வழிகாட்டி என்று வந்த தம்பி. சரி, அதை விடுவோம்.

முதலில் நிலாவரைக் கிணறு. அடியே கிடையாது, இராமர் அம்பு விட்டு உண்டான கிணறு என்று மனப்பாடமாகச் சொன்னார். ஐதீகம் சொல்வது பிழையில்லை, எங்கள் அம்மாவும் இங்கே போட்ட தேசிக்காய் கடலோரத்துக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தா. ஆனால் ஐம்பது மீட்டருக்குச் சற்று மேல் என்று ஆழத்தை அளந்தே விட்டார்கள், மேலே நன்னீர், கீழே போகப் போக உவர், இதெல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். மருமகன் "ஏன் மாமா கீழே மட்டும் உப்பு?" என்று கேட்க, அந்தத் தம்பி போனைப் பார்த்துக்கொண்டு வானில் ஏறிவிட்டார்.

பிறகு வடமராட்சிக்கு, கரணவாய்ப் பக்கம் இருக்கும் சுண்ணாம்புக்கல் குகைக்கு. இடத்தில் ஒரு குறையும் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, குகை எங்கிருந்து வரும் என்று நினைப்பவர்கள் பார்க்கத்தான் வேண்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசாக அமிலமாகி, வெடிப்பு வெடிப்பாக இறங்கிக் கல்லைக் கரைத்துக் கரைத்துத்தான் இப்படிக் குடைகிறது, கூரை இடிந்து விழுந்தால் அதுவே பள்ளமாகிவிடும். கல்லே பல இலட்சம் வருடங்களுக்கு முந்தின மயோசீன் காலத்துக் கடலடிப் படிவு, பிள்ளைகள் தாங்களாகவே போன் வெளிச்சத்தில் சிப்பி அச்சுகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். வழிகாட்டி சொன்ன விளக்கம், இது இராவணன் தோண்டின சுரங்கம், நேரே கீரிமலைக்குப் போகுது.

போன் வெளிச்சம் என்று ஏன் சொன்னேன் என்றால், லைட் வரவில்லை. ஹெல்மெட் என்று ஒரு சாக்கில் வந்தவை பழைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்கள், அவையும் மூன்று. குனிந்து போகவேண்டிய இடத்தில் அது தலையைக் காக்காது, கழுத்தைத்தான் முறிக்கும். அத்தானின் தலை கூரையில் இடித்து இரத்தம் வந்தபோது முதலுதவிப் பெட்டியும் இல்லை, அக்காவின் கைப்பையில் கிடந்த பிளாஸ்டர்தான். "அக்கா பயப்பிடாதேங்கோ, நான் ஒவ்வொரு நாளும் போறனான்" என்று வழிகாட்டி வாசலிலேயே நின்றார், உள்ளே ஓரடி வைக்கவில்லை. வௌவால் எச்சம் கிடக்கும் இடங்களில் தூசியைக் கிளப்பாமல் நடக்க வேண்டும், அதைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கூடாது என்று சொல்லவேண்டியது யார்? அக்காதான் சொன்னா, அவ தாதி.

இதற்குப் பிறகுதான் பெரிய விளையாட்டு. வெளியே வந்ததும் காணிக்காரருக்கு நுழைவுக் காசு தலைக்கு 500, அது கட்டணத்துக்குள் வராது என்றார் வழிகாட்டித் தம்பி. மாடு கட்ட வந்த ஒரு ஐயா இதைக் கேட்டுவிட்டு, "ஆர் தம்பி இஞ்ச காசு வாங்கிறது? நான் பிறந்த நாள் தொட்டு இருக்கிறன், ஒருத்தரும் வாங்கிறேல்லை" என்று நேரே கேட்டார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியென்றால் மிச்சக் காசை இப்பவே தந்தால்தான் வான் வெளிக்கிடும் என்றார். எழுபது வயது அம்மா வெயிலில் அந்த வானுக்குள் இருந்தா. கொடுத்தோம். சாப்பாடு எட்டுப் பேருக்கு ஐந்து பார்சல்.

விளம்பரப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரையிலிருந்து விழுதுபோல் கல் தொங்குகிறது, உள்ளே நீர்வீழ்ச்சி கொட்டுகிறது. எனக்குத் தெரிந்து இலங்கையில் அப்படி நீர்வீழ்ச்சியோடு இருப்பது இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனே குகை. யாழ்ப்பாணம் தட்டையான தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், இங்கே நிலத்துக்கடியில் நீர்வீழ்ச்சி கொட்ட இடம் ஏது?

காசைத் திருப்பிக் கேட்டு அனுப்பிய குரல் பதிவுக்கு நீலக் குறி விழுந்தது, அப்புறம் என் நம்பரை ப்ளொக் செய்துவிட்டார்கள். வங்கிச் சீட்டையும் விளம்பரத்தின் படத்தையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அதிகார சபையின் 1977-க்கு எடுத்து முறைப்பாடு பதிந்திருக்கிறேன். நீங்கள் வழிகாட்டி பிடிப்பதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொடுக்கும் வழிகாட்டி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், எங்களுக்கு வந்தவரிடம் சாரதி அனுமதிப் பத்திரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. குகைக்கு மட்டும் போக நினைத்தால் இந்தப் பெரிய காசு தேவையே இல்லை, ஒரு ஓட்டோவும் ஆளுக்கொரு நல்ல டோர்ச்சும் ஊர் ஆள் ஒருவரும் போதும், கார்த்திகை, மார்கழி மழைக்குள் மட்டும் வேண்டாம். முந்தநாள் பார்க்கிறேன், அதே விளம்பரம் வேறு பெயரில், விலை 5,500 ஆகியிருக்கிறது. படத்தில் அதே நீர்வீழ்ச்சி.