ஒரு ஜன்னலுக்கு ஏழு மாதம்: மரபுக் கட்டட அனுமதிச் சேவை எப்படி?

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. ஏப்ரலில் கேட்டிருந்தால் ஒன்றுதான் போட்டிருப்பேன்.

எங்கள் வீடு இருப்பது நகரத்தின் பழைய பகுதியில், 'பாதுகாக்கப்பட்ட தெரு' என்று அறிவித்த இடத்தில். தெருப் பக்கத்து முகப்பில் கை வைக்க மரபுக் குழுவின் அனுமதி வேண்டும். எனக்கு இரண்டே வேலைதான். மாடி ஜன்னல் ஒன்றின் அடிச்சட்டம் உளுத்துவிட்டது, அதைக் கழற்றிவிட்டு அலுமினியம் போட வேண்டும். கீழ்ச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குச் சிமென்ட் பூச்சு பெயர்ந்திருந்தது, அதைத் திரும்பப் பூச வேண்டும். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன், எதற்கும் தேதி குறித்து வைப்பேன். விண்ணப்பம் கொடுத்தது ஜனவரி 9. அனுமதி கைக்கு வந்தது ஆகஸ்ட் 12.

இந்த ஏழு மாதத்தில் பாதிக்கு மேல் காகிதத்துக்கே போனது. ஒரே புகைப்படத்தை மூன்று முறை கேட்டார்கள். மூன்றாவது முறை, "இது பழைய படம்" என்று திருப்பி அனுப்பினார்கள். அது பழசானதே அவர்கள் மேசையில்தான். குழு மாதம் ஒருமுறை கூடும். மார்ச்சில் போதிய உறுப்பினர்கள் வரவில்லை, ஏப்ரலில் என் கோப்பைக் காணோம். நிலவரம் பார்க்க ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. 'பரிசீலனையில்' என்ற ஒரு வார்த்தையைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது.

"நம்ம வீடு, நம்ம காசு. ஜன்னல் மாத்துறதுக்கு இவங்க யாரு மச்சான் நடுவுல?" என்று என் மைத்துனன் குதித்தான். இதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேலே 55 மாடிக் கோபுரம் எழுப்ப அதன் உரிமையாளர்கள் கிளம்பினார்கள், நகரம் மறுத்தது, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரம் ஜெயித்தது. இருக்கிற கட்டடத்தை வைத்தே உரிமையாளருக்கு நியாயமான வருமானம் வருகிறது, கட்டாமல் விட்ட மாடிகளுக்கான உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழியிருக்கிறது, அதனால் சொத்தைப் பறித்ததாகாது என்றது தீர்ப்பு. இதை மைத்துனனிடம் சொன்னேன். "நாம என்ன அம்பத்தஞ்சு மாடியா கேட்டோம்?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

மே 20-ஆம் தேதி ஆய்வுக்கு ஆள் வந்தது. நான் மார்க்கை ஏற்றியது அன்றைக்குத்தான்.

வந்தவர் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் துறையில் படித்த ஒரு பெண். கோப்பைத் திறக்கவே இல்லை. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். மேலே 'டக் டக்' என்றது. இடுப்புக்குக் கீழே வந்ததும் 'பொத் பொத்' என்றது. நகத்தால் ஒரு சில்லைப் பெயர்த்துக் காட்டினார். பூச்சின் பின்பக்கத்தில் செங்கல்லின் தோலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"சுண்ணாம்புக் காரையில கட்டின சுவர் சார் இது. தரையிலிருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்பு வழியா வெளியே போயிடும். சிமென்ட் பூசினா போக வழியில்லாம உள்ளேயே நிக்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால கட்டியாகி செங்கல்லை உரிச்சுத் தள்ளும்" என்றார். சிமென்ட்தானே கெட்டி என்று கேட்டேன். "கெட்டியா இருக்கிறதுதான் பிரச்சினையே. தேய வேண்டியது பூச்சு, செங்கல் இல்ல." அந்தச் சிமென்ட் பூச்சு என் அப்பா ஆசையாகச் செய்துவைத்த வேலை. அதற்கு மேல் நான் நான்கு முறை பெயின்ட் அடித்து, நான்கு முறையும் பெயின்ட் கம்பெனியைத் திட்டியிருக்கிறேன்.

ஜன்னலுக்கும் அப்படித்தான். மெல்லிய ஊசி ஒன்றால் சட்டத்தை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். அடியில் எட்டு அங்குலம்தான் உளுத்திருந்தது, மீதி மரம் இரும்பாக இருந்தது. உளுத்ததை மட்டும் வெட்டி, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப்போடச் சொன்னார். பிறகு என்னைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, தலையை இடமும் வலமுமாக அசைக்கச் சொன்னார். எதிர் வீட்டுச் சுவர் தண்ணீரில் தெரிவதுபோல நெளிந்தது. வாயால் ஊதிச் செய்த காலத்துக் கண்ணாடியாம். ஐம்பது வருடமாக அதைக் 'கோணல் கண்ணாடி' என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். அதைத்தான் நான் கழற்றி எறிய இருந்தேன்.

ஒட்டுப்போட்ட துண்டைப் பழசு மாதிரியே சாயம் பூசி மறைக்கவும் விடவில்லை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-இன் வெனிஸ் சாசனத்தில் இதற்கு விதி இருக்கிறது: புதிதாகச் சேர்ப்பது மொத்தத்தோடு பொருந்த வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும். எங்கள் தச்சர் உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, உளியால் வருடத்தைச் செதுக்கிவிட்டார்.

பூச்சு வேலைக்குப் பொறுமை வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் இறுகும். அதனால் மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, வெயில் படாமல் காக்க வேண்டும். பயிற்சி பெற்ற கொத்தனார்கள் என்று அலுவலகம் ஆறு எண்கள் கொடுத்தது. இரண்டுதான் வேலை செய்தன. வேலை முடிந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது, பூச்சில் இதுவரை ஒரு கொப்புளம்கூட இல்லை.

இனி, குறைத்த ஒன்றரை மார்க்குக்குக் கணக்கு. அரை மார்க் தாமதத்துக்கு. அவசரத் தொலைபேசி எண் சனிக்கிழமை ஒலித்துக்கொண்டே இருந்ததும் அதில் சேர்த்தி. நாலு வீடு தள்ளி ஒருவர் பால்கனியை இடித்துக்கொண்டிருந்தார், திங்கள் காலையில் ஆள் வந்தபோது இடிக்க ஒன்றும் மிச்சமில்லை. லண்டனில் ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலையின் முகப்பு பாதுகாப்புப் பட்டியலில் ஏறுவதற்குச் சற்று முன்பு, 1980 ஆகஸ்ட்டில், தொடர் விடுமுறை நாட்களாகப் பார்த்துத்தான் இடிக்கப்பட்டது. விடுமுறை நாளில்தான் இடிப்பார்கள் என்பது இந்தத் துறைக்குத் தெரியாத விஷயமா?

மிச்சம் ஒரு மார்க் தெருமுனைப் புத்தக பைண்டிங் கடைக்காக. அதன் முகப்பு அப்படியே இருக்கிறது, பெயர்ப்பலகைக்கு மெருகுகூட ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே கடை இல்லை. இரண்டு ராத்திரி தங்கிப்போகிறவர்களுக்கான அறைகள். பசை வாசனையும் தாள் வெட்டும் சத்தமும் போயாயிற்று. குழு இதற்கு ஒரே அமர்வில் ஒப்புதல் கொடுத்தது, ஏனென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க அதற்கு அதிகாரமே இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பைக் பிளேஸ் சந்தையை 1971-இல் மக்கள் வாக்களித்து இடிபடாமல் காப்பாற்றினார்கள். அங்குள்ள குழு பலகையின் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை, எந்த மாதிரிக் கடை வரலாம் என்பதையும் பார்க்கிறது. மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நடந்தது வேறு கதை. 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு முடிந்ததும் பழைய குடித்தனக்காரர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள், உலக மரபுச் சின்னம் என்ற யுனெஸ்கோ பட்டம் வந்தது அதற்குப் பிறகு, 2008-இல். எங்கள் விதிப்புத்தகத்தில் ஜன்னல் கம்பியின் கனத்துக்கு அளவு இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: பொருள் வாங்கும் முன், விண்ணப்பம் எழுதும் முன், அந்த ஆய்வாளரை ஒருமுறை வரவழைத்துவிடுங்கள். முன் ஆலோசனைக்கென்று தனிப் படிவம் உண்டு. யாரும் சொல்லமாட்டார்கள், கேட்டால் கொடுப்பார்கள். எனக்கு இது தெரிந்திருந்தால் அலுமினியத்துக்கு முன்பணம் கட்டியிருக்கமாட்டேன்.

அடுத்தது கூரை. போன வாரம் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். புகைப்படம் மூன்று பிரதி, மூன்றின் பின்னாலும் தேதி.