மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபரா, டேக் சிக்ஸா?

ஜாஸ் ஹார்மனியில், அதாவது பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைச் சேர்த்துப் பாடும் ஜாஸ் பாட்டில், யாரிடமிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் இந்த இரண்டு அமெரிக்கப் பாட்டுக் குழுக்களின் பெயர்தான் முதலில் வாயில் வரும். ஆனால் இரண்டும் இரண்டு விதமான பிழைப்பு.

மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் சட்டை மாற்றிக்கொண்டே இருந்த குழு. நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டிய டிம் ஹவுசர், வண்டியில் ஏறிய லாரல் மாஸேயிடம் பேச்சுக்கொடுத்ததில் தொடங்கி, 1972இல் இரண்டு ஆண், இரண்டு பெண் என்று நால்வர் சேர்ந்தார்கள். 1978இல் கார் விபத்தில் அடிபட்ட மாஸே விலக, ஷெரில் பென்டின் வந்தார். வேறு குழுவாக இருந்தால் அங்கேயே படுத்திருக்கும். இவர்களோ 1979இல் 'பேர்ட்லேண்ட்' பாடினார்கள்: வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் வாத்திய இசைக்கு ஜான் ஹெண்ட்ரிக்ஸ் வார்த்தை எழுத, நால்வரில் ஒருவரான ஜானிஸ் சீகல் குரல்களைப் பிரித்து அமைத்தார். வாத்தியம் வாசித்ததை அப்படியே வார்த்தையாக்கிப் பாடும் இந்த வித்தைக்குப் பெயர் வோக்கலீஸ். அந்தப் பெயரிலேயே 1985இல் வந்த ஆல்பத்துக்கு 12 கிராமி பரிந்துரைகள். நடுவில் ஒரே வருஷம் பாப், ஜாஸ் இரண்டிலும் கிராமி வேறு! 2014இல் ஹவுசர் இறந்த பிறகும் டிரிஸ்ட் கர்லெஸ்ஸைச் சேர்த்துக்கொண்டு 2023 டிசம்பர் வரை மேடையில் நின்றார்கள்.

டேக் சிக்ஸ் நேர் எதிர். அலபாமாவில், ஓக்வுட் என்ற அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவ சபைக் கல்லூரியில் 1980இல் முளைத்த குழு. ஆறு ஆண் குரல், வாத்தியம் கிடையாது, பாடுவது பெரும்பாலும் தேவனைப் பற்றி. 1988இல் வந்த முதல் ஆல்பத்துக்கே ஜாஸிலும் காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்தி இசையிலும் கிராமி. 1994இல் 'ஜாயின் தி பேண்ட்' ஆல்பத்தில் வாத்தியங்களைச் சேர்த்தார்கள். ரே சார்ல்ஸ், ஸ்டீவி வொண்டர் எல்லாம் வந்தும் எனக்கு அது ஒட்டவில்லை, டிரம்ஸ் வந்ததும் குரல்களுக்கு இடையே இருந்த அந்தக் காற்று போய்விட்டது.

சரி, எது மேல்? வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தால் டிரான்ஸ்ஃபர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஹார்மனி மட்டும் என்றால் நான் டேக் சிக்ஸ் பக்கம். டிரான்ஸ்ஃபரின் நால்வருக்குப் பின்னால் ஒரு பேண்டு தாங்கிப் பிடிக்கிறது, இந்த ஆறு பேருக்குத் தொண்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த முதல் ஆல்பத்தை ஹெட்போனில் போட்டு, அடியில் ஓடும் ஆல்வின் சியாவின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நடுவே ஓரிடத்திலாவது பேஸ் கிட்டார்தானோ என்று சந்தேகம் வரும்.