மதுரை வெயிலில் ரோடாக்ஸ் 912-க்கு எந்த பெட்ரோல்?

ஆக்டேன் எண்ணை மட்டும் பார்த்து பெட்ரோல் வாங்கினால் இப்போது கணக்கு தப்பும். சிறு விமானங்களில் பொருத்தும் ரோடாக்ஸ் 912 வகையில், 100 குதிரைத்திறன் 912 யுஎல்எஸ் இன்ஜினுக்குக் குறைந்தது 95 ரான் (ஆக்டேன் அளவு) வேண்டும். 80 குதிரைத்திறன் 912 யுஎல் என்றால் 90 போதும். பங்கில் கிடைக்கும், 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த சாதாரண இ20 பெட்ரோலே அந்த 95-ஐத் தொட்டுவிடுகிறது. ஆனால் ரோடாக்ஸ் ஒத்துக்கொள்ளும் எத்தனால் 10 சதவீதம் வரைதான். இ20-யில் அதைப்போல இரண்டு மடங்கு. ஆக்டேனில் பாஸ், எத்தனாலில் ஃபெயில்.

கார் ஓடுகிறதே என்று கேட்பார்கள். காரில் இசியூ என்ற இன்ஜின் கணினி காற்று-பெட்ரோல் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். ரோடாக்ஸில் இருக்கும் பிங் கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. கலவை மெலிந்து புகைபோக்கிச் சூடு ஏறும். பழைய ரப்பர் ஹோஸ் உப்பும். ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் ரெசின் இளகிப் பிசுபிசுப்பு கார்புரேட்டர் வரை வந்து சேரும். எல்லாவற்றையும்விட மோசம் தண்ணீர் விஷயம். எத்தனால் இல்லாத பெட்ரோலில் தண்ணீர், டேங்கின் அடியிலிருந்து மாதிரி பிடித்துப் பார்க்கும் டிரெயின் கப்பில், அடியில் முத்து முத்தாகத் தெரியும். எத்தனால் கலந்ததில் கரைந்து மறைந்திருக்கும். அளவு மீறினாலோ, ராத்திரி டேங்க் குளிர்ந்தாலோ, எத்தனாலையும் இழுத்துக்கொண்டு மொத்தமாக அடியில் இறங்கும். இன்ஜினுக்குப் போகும் குழாயும் அங்கேதான். மேலே மிஞ்சிய பெட்ரோலுக்கு ஆக்டேனும் குறைந்திருக்கும்.

பிரீமியம் 95 வாங்கினால் தப்பிக்கலாமா? பெயரில் இருப்பது ஆக்டேன் மட்டும். எத்தனாலைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

அதனால் கேனுக்கு கேன் சோதிக்க வேண்டும். 100 மில்லி அளவுக் குடுவையில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 கோடு வரை பெட்ரோல் நிரப்பி, மூடி நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் நிற்கவிடுங்கள். அடியிலுள்ள தண்ணீர்க் கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 19 பக்கம் ஏறினால் இ10. 27, 28-க்குப் போனால் இ20. அதை பைக்குக்கு ஊற்றிக்கொள்ளலாம். சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் குழாயில் மதுரைக்கு வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்காது, டேங்கர் லாரிக்கு ஏற்றும் இடத்தில்தான் சேர்க்கிறார்கள். ஆகவே லோடுக்கு லோடு பார்ப்பது வீண் வேலையல்ல.

இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல், மேற்படி குடுவையில் தேறிவிட்டால், தினசரி ஓட்டத்துக்கு எங்கள் முதல் தேர்வு. ஈயம் கிடையாது, பிளக் சுத்தமாக இருக்கும். சாதாரண பெட்ரோலைவிட லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடுதல் என்பது உறுத்தும்தான், மணிக்கு 18 முதல் 20 லிட்டர் குடிக்கிற இன்ஜின் இது. எல்லா பங்கிலும் கிடைக்காது. விற்பனை மந்தமான பங்கில் லோடு எப்போது வந்தது என்று கேட்டு வாங்குங்கள். நாள்பட்ட பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும். உலோக கேன் 25 லிட்டருக்கு மிகாமல் இருக்கட்டும், உரிமம் இல்லாமல் மொத்தம் 30 லிட்டருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பிளாஸ்டிக் கேனில் நிலைமின் பொறி அபாயம் உண்டு.

சித்திரை, வைகாசி மத்தியானத்துக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு மாறும். தரையிறங்கி இன்ஜினை அணைத்து இருபது நிமிடம் கழித்து மறுபடி கிளப்புவதுதான் ஆகக் கெட்ட நேரம்: கவுலிங் எனும் இன்ஜின் மூடிக்குள் அடைந்த சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டு வேப்பர் லாக் ஆகும். எரிபொருள் அழுத்தம் 0.15 பாருக்குக் கீழே விழுந்தால் புறப்படாதீர்கள். விமானங்களுக்கென்றே தயாரிக்கும் ஈயம் கலந்த பெட்ரோலான ஆவ்கேஸ் 100எல்எல் இங்கே கைகொடுக்கும். அதன் ஆவியழுத்தம் குறைவு, மாதக்கணக்கில் வைத்தாலும் கெடாது. இந்தியன் ஆயில் 2022 முதல் குஜராத் ஆலையில் தயாரிக்கிறது.

அதற்கு வட்டி ஈயம். லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கலாம். பிளக்கில் படியும், ஆயில் டேங்கின் அடியில் சாம்பல் நிறச் சேறாகத் தங்கும், கியர்பாக்ஸ் கிளட்சையும் விடாது. ஓட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஆவ்கேஸ் என்றால் ஆயிலை 100 மணிக்குப் பதில் 25 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முழு சிந்தெடிக் ஆயில் ஈயத்தைத் தாங்கிப் பிடிக்காது. செமி சிந்தெடிக்தான் சரி.

எதை ஊற்றினாலும் இன்ஜின் கையேடு மட்டும் போதாது, விமானத்தின் கையேடும் அந்த எரிபொருளை அனுமதித்திருக்க வேண்டும். கார்புரேட்டர் மிதவைகளையும் அவ்வப்போது எடை போடுங்கள். ஜோடி 7 கிராமைத் தாண்டினால் பெட்ரோலை உறிஞ்சிவிட்டன, மாற்ற வேண்டியதுதான்.

பெருங்குடியிலுள்ள மதுரை ஏர்போர்ட்டில் ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் ஏடிஎஃப் இருக்கிறதே, அதுவும் விமான எரிபொருள்தானே என்று கேட்கிறவர்களும் உண்டு. அது மண்ணெண்ணெய் இனம். டீசல் இன்ஜின் பொருத்திய டயமண்ட் டிஏ42 போன்றவை குடிக்கும். ரோடாக்ஸில் போனால் டெட்டனேஷனில், அதாவது சிலிண்டருக்குள் கட்டுமீறி வெடித்து எரிவதில், பிஸ்டன் போய்விடும். சந்தேகம் வந்தால் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடுங்கள்: பெட்ரோல் காய்ந்து மறையும், ஏடிஎஃப் எண்ணெய்க் கறையாக நிற்கும்.